அந்தப் படிவத்தின் பின்பக்கம்

இல்ல வக்கீலம்மா, உங்க பேரம் எனக்கும் புரிஞ்சுது, பெரிலுக்கும் புரிஞ்சுது. அவ கிரெடிட் கார்டு கடனை மாசம் அம்பது பவுண்டா கட்டிக்கிட்டே வரணும். கோர்ட்டுச் செலவு கேக்க மாட்டீங்க. ஆனா தீர்ப்பு மட்டும் உங்க கம்பெனி பக்கம் எழுதிக்கணும். வேண்டாம்னு அவ வாயாலயே சொல்லிட்டுத்தானே சிகரெட் பிடிக்க வெளிய போனா? இந்தக் கிரிம்ஸ்பி காத்துல மூணு குச்சி கிழிச்சாலும் பத்திக்காது. அதனால நமக்குப் பத்து நிமிஷம் இருக்கு. உட்காருங்க.

தெரியும், தெரியும். நான் வக்கீல் இல்ல, என்கூட நீங்க பேரம் பேசக் கூடாது. நானும் பேரம் பேச வரல. உள்ள நான் யாரு? அவளுக்கு உதவிக்கு வந்தவன். பக்கத்துல உட்காரலாம், காகிதம் எடுத்துக் குடுக்கலாம், காதுல ரெண்டு வார்த்தை சொல்லலாம். ஜட்ஜைப் பாத்து வாயைத் திறந்தேன்னா, மிஸ்டர் மார்ஃப்லீட், வெளிய நில்லுங்கம்பாரு. ரெண்டு தடவை நின்னிருக்கேன். இருபது வருஷமா இந்தக் கட்டடத்துல எனக்கு வாய் இருக்கறது இந்த வராந்தாவுல மட்டும்தான். நீங்க கொஞ்சம் கேட்டுத்தான் ஆகணும்.

ஆமா, அதே வில்ஃப் மார்ஃப்லீட்தான். உங்க கம்பெனிக்கு வர்ற கடுதாசி எல்லாம் ஒரே டைப்ரைட்டர்ல அடிச்ச மாதிரி இருக்கேன்னு உங்க ஆளுங்க எழுதியிருந்தாங்களே, அந்த டைப்ரைட்டர் என்னுதுதான். இ எழுத்து கொஞ்சம் மேல ஏறி நிக்கும்.

மொதல்ல அந்த அம்பது பவுண்டு. அதுல இருக்கற கொக்கி உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒழுங்கா கட்டுற வரைக்கும் சரி. குளிர்காலத்துல கேஸ் பில்லு வரும், ஒரு மாசம் தவறும். மறுநாளே மனு போட்டு வீட்டு மேல கடனை ஏத்துவீங்க. அப்புறம் வீட்டை வித்துக் குடுன்னு இன்னொரு மனு. அவளுக்கு இருக்கறது அந்த ஒரு வீடு. கவுன்சில்காரன்கிட்ட இருந்து வாங்கி, அவ புருஷன் டெனிஸ் ஐஸ்லாந்துக் கடல்ல வலை இழுத்துக் கடன் அடைச்ச வீடு. அதுக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கோம். வேற எதுக்கும் இல்ல.

கடனே வாங்கலைன்னு யாரு சொன்னா? வாங்கினா. செலவும் பண்ணா. என்னத்துக்குன்னு உங்க வழக்குக் காகிதக் கட்டுல எழுதியிருக்காதே. டெனிசுக்கு நுரையீரல் போயிடுச்சு, மாடி ஏற முடியல. படிக்கட்டு ஓரமா தண்டவாளம் போட்டு, உட்கார வச்சு மேல இழுக்கற நாற்காலி ஒண்ணு இருக்குல்ல, அதை அந்தக் கார்டுல வாங்கினா. அவன் அதுல பதினாலு மாசம் ஏறி இறங்கினான். இப்ப அவ துணிக்கூடையை அதுல வச்சு மேல அனுப்புறா. நாற்காலி ரெண்டாயிரத்துச் சொச்சம். மிச்சம் அய்யாயிரமும் வட்டி, தாமதக் கட்டணம், கட்டணத்துக்கு வட்டி. அந்த மொத்தக் கடனையும் பேங்க்கு உங்க கம்பெனிக்கு வித்துச்சு. பவுண்டுக்கு எட்டு பென்சா, பத்து பென்சா? சரி, சொல்ல வேண்டாம்.

நியாயம் பேசலீங்க. சட்டம்தான் பேசுறேன். நியாயத்தை இந்தக் கட்டடத்துல பேசி நான் என்னைக்கும் ஜெயிச்சதில்ல.

நீங்க டான்காஸ்டர்ல இருந்துதானே வர்றீங்க? ரயில்லதான் கட்டைப் பிரிச்சிருப்பீங்க. தப்பு சொல்லல, உங்களுக்கு இன்னைக்கு நாலு வழக்கு இருக்கும். நான் இதை மூணு வாரமா பாத்துக்கிட்டு இருக்கேன். முப்பத்தோராம் பக்கத்தை எடுங்க. அவ கார்டுக்குப் போட்ட படிவம், பேங்க்கு எடுத்து வச்ச ஃபிலிம்ல இருந்து எடுத்த ஜெராக்ஸ். மேல பேரு, அட்ரஸ், கீழ பெரில் மம்பின்னு கையெழுத்து. தேதி, ரெண்டாயிரத்தொண்ணு அக்டோபர். வட்டி எவ்வளவு? இல்ல. எவ்வளவு வரைக்கும் கடன் வாங்கலாம்? இல்ல. மாசாமாசம் எப்படித் திருப்பிக் கட்டணும்? அதுவும் இல்ல. இந்த மூணும் அவ கையெழுத்து போட்ட காகிதத்துலயே இருக்கணும். வேற துண்டுல இருந்தா ஆகாது. ரெண்டாயிரத்தேழு ஏப்ரலுக்கு முன்னாடி போட்ட ஒப்பந்தம்னா, அது இல்லைன்னா வசூல் பண்ணச் சொல்லி ஜட்ஜால உத்தரவு போட முடியாது. அவருக்கே ஆசை இருந்தாலும் முடியாது. பார்லிமெண்டு அவரு கையைக் கட்டி வச்சிருக்கு.

அதெல்லாம் பின்பக்கத்துல இருந்துச்சுங்கறீங்க. சரி. யாரு சொன்னா? லீட்ஸ்ல ஒரு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கற மிஸ்டர் பிங்லி. ரெண்டாயிரத்தொண்ணுல அவரு எங்க இருந்தாருன்னு அவரு வாக்குமூலத்துலயே இருக்கு, பள்ளிக்கூடத்துல. அசல் படிவத்தை அவரு பாத்ததே இல்ல. பேங்க்கு ஃபிலிம் எடுத்துட்டு அசலைக் கிழிச்சுடுச்சு. இந்த மாதிரிப் படிவத்துக்கெல்லாம் நிபந்தனை பின்பக்கத்துல இருக்கறதுதான் வழக்கம்னு எழுதியிருக்காரு. வழக்கமாம்.

அவசரப்படாதீங்க, அந்த டிக்குக்கு வர்றேன். அதுதான் உங்க கையில இருக்கற நல்ல சீட்டு, எனக்குத் தெரியாதா? முன்பக்கம், கீழ் மூலையில, நிபந்தனைகள் வாடிக்கையாளருக்குக் காட்டப்பட்டனன்னு ஒரு கட்டம். அதுல ஒரு டிக். பக்கத்துல படிவம் வாங்கின ஏஜெண்டோட பேருக்கு ரெண்டு முதலெழுத்து. காட்டினேன்னு ஏஜெண்டே அன்னைக்கே எழுதியிருக்கான், அப்ப பின்பக்கத்துல நிபந்தனை இருந்திருக்கணும், இல்லாததை எப்படிக் காட்டுவான்னு கேப்பீங்க. ஜட்ஜும் தலையாட்டுவாரு. ஏன்னா பெரிலுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. கூண்டுல ஏறி, ஞாபகம் இல்லீங்கம்பா. பொய் சொல்லத் தெரியாதவ. நானும் சொல்லச் சொல்லல. அந்த டிக் மட்டும் நின்னுச்சுன்னா அவ வீடு போச்சு. நான் ஒத்துக்கறேன்.

சிரிக்கறீங்க. எதிர்க்கட்சிக்காரன் இப்படி ஒத்துக்கிட்டுப் பாத்திருக்க மாட்டீங்க.

ஓட்டை பிடிச்சுத் தப்பிக்கப் பாக்கறோமா? ஓட்டைன்னா என்னன்னு நான் சொல்றேன் வக்கீலம்மா. எண்பத்தெட்டுல நான் உறைமீன் ஃபாக்டரியில யூனியன் ஆளு. ஹாடக் மீனை முள்ளெடுத்துச் சதை உரிக்கற லைன். அறுநூறு பேரு, முக்கால்வாசி பொம்பளைங்க. தண்ணியில நின்னு நின்னு விரல் எல்லாம் வெடிச்சிருக்கும். ஸ்ட்ரைக்குக்கு ஓட்டு எடுத்தோம். அறுநூறுல ஐநூத்துச் சொச்சம் பேரு சரின்னு போட்டாங்க. கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. ஓட்டுச்சீட்டுல, ஸ்ட்ரைக் பண்றது வேலை ஒப்பந்தத்தை மீறுறதுன்னு ஒரு வரி இருக்கணுமாம், அது இல்லையாம். எங்க மேலிடத்துல அச்சடிச்ச சீட்டு. ஐநூறு பேரு மனசு என்னன்னு ஜட்ஜ் கேக்கல. சீட்டுல வரி இல்ல, ஓட்டு செல்லாது, வேலைக்குப் போங்கன்னுட்டாரு. பதினோரு பேரை வெளிய தள்ளினாங்க. மொத பேரு என்னுது. அன்னைக்கு அதை யாரும் ஓட்டைன்னு சொல்லல. சட்டம்னாங்க.

சரி, நானும் கத்துக்கிட்டேன். பள்ளிக்கூடத்துல இல்ல. ஆறு பென்ஸ் துண்டுப் பிரசுரத்துல, ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் கரிஞ்சு போன தாள்ல. தலைக்கு இவ்வளவுன்னு தலைவரி போட்டு, கட்டாதவங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தப்ப இதே வராந்தாவுல காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் நிப்பேன். வர்றவங்களுக்கு எல்லாம் என்ன கேக்கணும்னு எழுதிக் குடுப்பேன். அப்புறம் இந்தக் கார்டு வந்துச்சு. சர்ச் ஹால்ல வாராவாரம் கூட்டம். ஒரு பவுண்டு போஸ்டல் ஆர்டர் வை, உன் ஒப்பந்தத்தோட நகலைக் கேளு, சட்டப்படி குடுத்தாகணும். இதைச் சொல்லித்தர்றதுக்கு நானூறு பவுண்டு வாங்கற கம்பெனி எல்லாம் டி.வி.யில வந்துச்சு. நான் ஒரு டீ கூட வாங்கினதில்ல.

ஆமா, கையெழுத்து போடாதேன்னு சொன்னதும் நான்தான். கடுதாசியில பேரை டைப் அடி, கையெழுத்து மட்டும் போட்டுடாதே, வெட்டி எடுத்து வேற காகிதத்துல ஒட்டிருவானுங்க. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். எங்க ஹால்ல அது வேதம். ரோலி பெல்லாமின்னு ஒருத்தன், பொண்டாட்டி பிறந்தநாள் அட்டையிலயே பேரைக் கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்தான். அவ அதை அவன் தலையிலயே அடிச்சா, முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு நோட்டீஸா அனுப்புறியான்னு. ஹால்ல மூணு வாரம் சிரிச்சோம். ஆனா யாரும் கையெழுத்து போடல. இந்த ஊரே போடல. நானும் போட்டதில்ல, இத்தனை வருஷத்துல ஒரு கடுதாசிக்குக் கூட.

மணி என்ன? பத்து இருபதா. சரி.

பின்பக்கத்துக்கு வருவோம். பின்பக்கத்துல நிபந்தனை இல்ல வக்கீலம்மா. குடை இருந்துச்சு.

குடைதான். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட குடை, எங்க கால்பந்து டீமோட கலரு. படிவம் நிரப்பினா இலவசம். பின்பக்கம் பூராவும் அந்தக் குடை படம். கீழ, குடை பெற்றுக்கொண்டேன்னு ஒரு கோடு. அதுக்கும் ஒரு கையெழுத்து வாங்குவாங்க. கையெழுத்து வாங்கினதும் அந்த அடிக்கட்டை மட்டும் புள்ளிக்கோட்டுல கிழிச்சு எடுத்துடுவாங்க, குடைக் கணக்குக்கு. உங்க ஜெராக்ஸ்ல கீழ் விளிம்பைப் பாருங்க, நேரா இருக்காது, பல்லுப் பல்லா இருக்கும். பாத்தீங்களா? மிஸ்டர் பிங்லிக்கு அது ஃபிலிம் கோளாறாம்.

நிபந்தனை எங்கேன்னா, அது தனிப் புத்தகம். பொடி எழுத்துல பன்னெண்டு பக்கம், மடிச்சு வச்சது. அட்டைப்பெட்டியில கட்டுக்கட்டா வந்து மேஜைக்கு அடியில கிடக்கும். எடுத்துக் குடுத்தா ஜனங்க நின்னு படிப்பாங்க. படிச்சா கேள்வி கேப்பாங்க. ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அஞ்சு நிமிஷத்துல மூணு பேரு போயிடுவாங்க. அதனால பெட்டியைப் பிரிக்கறதே இல்ல. டிக் மட்டும் காலையில வரும்போதே நூறு படிவத்துக்கும் போட்டு வச்சுக்குவாங்க. பேரோட ரெண்டு எழுத்தும் அப்பவே. ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடியே நிபந்தனை காட்டியாச்சு.

இருங்க, எனக்கு எப்படித் தெரியும்னுதானே. சொல்லத்தான் உட்கார வச்சேன்.

கடைவளாகத்துல செருப்புக்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவுல பேங்க்கு ஏஜெண்டுங்களுக்கு மேஜை போட்டிருந்தாங்க. மஞ்சள் கோட்டு, மஞ்சள் தொப்பி. அந்தத் தொப்பி போட்டவன் முகத்தை எவனும் பாக்க மாட்டான், குடையைத்தான் பாப்பான். ஒரு கையெழுத்துக்கு நாலு பவுண்டு கூலி. அங்க உட்கார்ந்தவங்க எல்லாம் யாருன்னு நினைக்கறீங்க? லண்டன்ல இருந்து வந்தவனுங்களா? ஃபாக்டரியில கழிச்சுக் கட்டினவங்க, கப்பல் இல்லாத மாலுமிங்க. ஒருத்தன் இருந்தான். பதிமூணு வருஷமா வேலை இல்ல. ஊர்ல ஒரு மீன் கம்பெனி அவனை உள்ள விடாது, பேரு கறுப்புப் பட்டியல்ல இருக்கு. வீட்டுல கேஸ் மீட்டருக்குப் போட காசு இல்ல. கூட ஸ்ட்ரைக் பண்ணவங்ககிட்ட, துறைமுகத்துல காவல் வேலை பாக்கறேன்னு சொல்லி வச்சிருந்தான். காலையில டிபன் டப்பாவோட கிளம்பி, பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல மஞ்சள் கோட்டு மாத்திக்குவான். பேச நல்லா வரும் அவனுக்கு. கூட்டத்துல பேசிப் பழகின தொண்டை. ஒரு நாளைக்கு முப்பது கையெழுத்து கூட வாங்கியிருக்கான். ரெண்டு வருஷம்.

பெரில் மழையில வந்தா. டெனிசுக்கு ரொட்டி வாங்க வந்தவ. குடை இல்ல. இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா. கேட்டாளாம்னு சொல்லல, கேட்டா. ஒண்ணும் இல்லம்மா, பேரும் அட்ரசும்தான், குடை தீர்றதுக்கு முன்னாடி போடுங்கன்னு அவன் சொன்னான். போட்டா. அந்தக் குடை மூணு வாரம் தாங்கல, இந்தக் காத்துல எது தாங்கும். கார்டு ஒன்பது வருஷம் தாங்கிடுச்சு.

நாலு வருஷத்துக்கு முன்னாடி அதே பெரில் சர்ச் ஹாலுக்கு வந்தா. மேடையில ஒருத்தன் கத்திக்கிட்டு இருந்தான். அந்த மஞ்சள் மேஜையில உட்கார்ந்தவனுங்க நாலு பவுண்டுக்குச் சொந்த ஊரை வித்த துரோகிங்கன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. அவளும் தட்டினா. அடுத்த வாரம் தன் காகிதத்தை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டுக் கொண்டுவந்து அவன் கையில குடுத்தா.

என்ன, பக்கத்தைத் திருப்பிப் பாக்கறீங்களா? பாருங்க. டிக்குக்குப் பக்கத்துல. டபிள்யூ, எம். அந்த எம் எழுத்துக்குக் கடைசிக் கால் கொஞ்சம் நீண்டு இருக்கும்.

மூணு வாரம் ஆச்சு, நீங்க அந்தக் கட்டை அனுப்பி. பெரில்தான் உறையைப் பிரிச்சு என் மேஜையில வச்சா. டீ போட உள்ள போனா. நல்லவேளை உள்ள போனா.

அதுக்கப்புறம் அன்னைக்கே எழுதியிருக்கணும். சாட்சி வாக்குமூலத்துக்குக் கெடு தாண்டிடுச்சு, எனக்குத் தெரியும். ஏன் எழுதலைன்னு உள்ள கேப்பீங்க, கேளுங்க. உள்ள பின்வரிசையில மூணு பொம்பளைங்க உட்கார்ந்திருக்காங்களே, சாண்ட்விச் பொட்டலத்தோட, அவங்க என்கூட அந்த லைன்ல நின்னவங்க. ஒவ்வொரு வருஷமும் ஸ்ட்ரைக் நாள்ல என் வீட்டுக்கு வருவாங்க. இன்னைக்கு நான் ஜெயிக்கறதைப் பாக்க வந்திருக்காங்க. அதுக்குத்தான் மூணு வாரம். வேற காரணம் இல்ல, வேற சொல்லவும் போறதில்ல.

இந்தாங்க. ரெண்டு பக்கம். நேத்து அடிச்சேன். குடை, அடிக்கட்டை, பெட்டி, டிக், எல்லாம் இருக்கு. இதைக் குடுத்துட்டா நான் அவ பக்கத்துல உட்கார முடியாது, சாட்சி ஆயிடுவேன். அவ தனியாத்தான் உட்காரணும். ஜட்ஜ் கெடு தாண்டிடுச்சுன்னு தள்ளலாம். ஆனா நீங்க எழுந்து ஆட்சேபணை இல்லைன்னு சொன்னா எடுத்துக்குவாரு. இல்ல, உங்க கம்பெனிக்கு இப்பவே ஒரு போன் போட்டு, நம்ம கையில இருக்கற டிக் பொய், போட்டவனே வராந்தாவுல உட்கார்ந்திருக்கான், வழக்கை வாபஸ் வாங்கிக்கலாமான்னு கேக்கறதா இருந்தாலும் கேளுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க வாபஸ் வாங்கினாலும் நான் அவகிட்ட சொல்லத்தான் போறேன்.

இல்ல, அவளுக்குத் தெரியாது.

ஆமா, கவனிச்சுட்டீங்க, அடியில காலியா இருக்கு. இதுல சொன்னதெல்லாம் உண்மைன்னு எழுதி, கீழ கோடு மட்டும் போட்டிருக்கேன். பழக்க தோஷம். கையெழுத்து இல்லாம செல்லாது, எனக்கா தெரியாது.

டவாலி அம்மா பேர்ப்பட்டியல் அட்டையோட வந்துட்டாங்க. மம்பி வழக்குன்னு கூப்பிடுவாங்க இப்ப.

பேனா வச்சிருக்கீங்களா? என் பேனா வேண்டாம், உங்க பேனாவைக் குடுங்க. உங்க கண்ணு முன்னாடியே போடுறேன். அந்த மூலையில இருக்கறதோட ஒத்துப் பாத்துக்கங்க, எம் எழுத்துக்குக் கால் இன்னும் அதே நீளம்தான். சீக்கிரம் குடுங்க வக்கீலம்மா. அவ கதவைத் தள்ளிக்கிட்டு வர்றா.